சூடானதும் அணையும் பழைய எஸ்யூவி: ஈசியுவை மாற்றத்தான் வேண்டுமா?

#1 மலைப்பாதை

அனைவருக்கும் வணக்கம். 1999-இல் தயாரான ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஸ்யூவி என்னுடையது. ஆட்டோமேட்டிக் கியர், நான்கு சக்கர இயக்கம், வேறு சாவியால் கிளம்பாமல் தடுக்கும், சாவியில் சிப் வைத்த இம்மொபிலைசர். என் தந்தை வாங்கி ஓட்டிய வண்டி. அவருக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகளாக நான் ஓட்டுகிறேன். எஞ்சின் இன்னும் திடமாக இருக்கிறது. கம்ப்ரெஷன் ஆறு சிலிண்டரிலும் ஏறத்தாழ ஒரே அளவு.

நான்கு மாதங்களாக ஒரு தொல்லை. காலையில் சாவியைத் திருப்பியவுடன் கிளம்பும். நாற்பது நிமிடம் ஓடி எஞ்சின் அறை நன்றாகச் சூடேறியதும் திடீரென்று அணைந்துவிடுகிறது. திணறுவதில்லை, குலுங்குவதில்லை. ஆர்பிஎம் முள் ஒரே வீழ்ச்சியாகப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறது, ஆனால் எஞ்சின் பிடிப்பதில்லை. பானட்டைத் திறந்து வைத்து அரை மணி நேரம் காத்திருந்தால், எதுவுமே நடக்காததுபோலக் கிளம்பிவிடும்.

கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப், அதன் ரிலே, இரண்டு இக்னிஷன் காயில் என்று ஏற்கெனவே மாற்றியாகிவிட்டது. இப்போது பட்டறையில் "ஈசியு போய்விட்டது", அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி கெட்டுவிட்டது என்கிறார்கள். புதியது தயாரிப்பில் இல்லை. பழைய உதிரிபாகக் கடையில் இதே மாடலின் ஈசியு ஒன்று இருக்கிறது. திருப்பித் தர முடியாது என்ற நிபந்தனையோடு தருகிறார்கள். வாங்கி மாட்டலாமா? குடும்பத்தோடு போகும்போது நடுச்சாலையில் அணைந்துவிட்டால் என்ன செய்வது என்ற அச்சத்தில் வண்டியை வெளியில் எடுப்பதையே குறைத்துவிட்டேன்.

#2 கருவிப்பெட்டி

தம்பி, வாங்குவதை ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். முப்பது ஆண்டுகளாகப் பட்டறையில் நிற்கிறேன். ஈசியு போய்விட்டது என்று தீர்ப்பு எழுதப்பட்டு என்னிடம் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் அந்தப் பெட்டி நன்றாகத்தான் இருந்தது. அதற்குப் போகும் மின்சாரமோ, எர்த்தோ, அதிலிருந்து சென்சார்களுக்குப் போகும் ஐந்து வோல்ட்டோதான் கெட்டிருந்தது.

ஒரே ஒரு கேள்வி. வண்டி அணைந்து கிளம்ப மறுக்கும் அந்த அரை மணி நேரத்துக்குள் சாவியை ஆன் நிலையில் வைத்தால் செக் எஞ்சின் விளக்கு எரிகிறதா? உங்கள் காலத்து வண்டிகள் பெரும்பாலானவற்றில் அந்த விளக்கை எரியவைப்பதே ஈசியுதான். எரிந்தால் ஈசியு விழித்திருக்கிறது, வேறு இடத்தில் தேட வேண்டும். எரியாவிட்டால் அது விழிக்கவே இல்லை.

#3 மலைப்பாதை

ஐயா, இன்று வேண்டுமென்றே ஓட்டிச் சூடாக்கிப் பார்த்தேன். அணைந்தபிறகு விளக்கு எரியவில்லை. ஸ்கேனரைச் செருகினால் "தொடர்பு இல்லை" என்கிறது. ஆறியபிறகு விளக்கும் எரிந்தது, ஸ்கேனரும் பேசியது. பி0601 என்ற ஒரே ஒரு பிழைக் குறியீடு இருந்தது.

#4 கருவிப்பெட்டி

நல்ல தகவல். பி0601 என்றால் ஈசியு தன் நினைவகத்தைத் தானே கூட்டிப் பார்த்தபோது கணக்கு ஒத்துவரவில்லை என்று பொருள். பட்டறையில் அதைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அந்தக் குறியீட்டை மட்டும் நம்பிப் பெட்டியைக் குற்றவாளியாக்க முடியாது. ஈசியுவுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் அறுந்து அறுந்து வந்தாலும் இதே குறியீடு எழுதப்படலாம்.

உங்கள் வண்டியின் வயரிங் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். படம் இல்லாமல் கனெக்டரில் கை வைக்கவே கூடாது. ஈசியுவுக்கு மின்சாரம் ஒரே வழியில் வருவதில்லை. பேட்டரியிலிருந்து நேராக எப்போதும் வருவது ஒன்று, சாவியைத் திருப்பினால் வருவது ஒன்று, மெயின் ரிலே வழியாக வருவது ஒன்று. எர்த் பின்னும் (கனெக்டருக்குள் இருக்கும் உலோக முனை) மூன்று, நான்கு இருக்கும். ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும், அதுவும் வண்டி செத்துக் கிடக்கும் நேரத்தில். ஆறியபிறகு அளந்தால் எல்லாம் சரியாகவே காட்டும்.

மல்டிமீட்டரில் 12 வோல்ட் காட்டினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வயருக்குள் இருபது இழைகள் அறுந்து ஒரே ஓர் இழை மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 12 வோல்ட்தான் காட்டும், ஏனென்றால் மீட்டர் இழுக்கும் மின்சாரம் மிக மிகக் குறைவு. 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயர்களைச் சேர்த்து, ஈசியு கனெக்டரைக் கழற்றிவிட்டு, அந்த மின்சாரப் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையில் பிடியுங்கள். பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். மங்கலாக எரிந்தால் பாதையில் எங்கோ அடைப்பு.

எர்த்தைச் சோதிக்கக் கனெக்டரை மாட்டியபடியே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை ஈசியுவின் எர்த் பின்னின் பின்புறத்திலும் வைத்து ஸ்டார்ட்டரைச் சுற்றச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும்.

#5 ஆறுசிலிண்டர்

கருவிப்பெட்டி ஐயா சொன்னதில் ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தே ஆக வேண்டும், இல்லையென்றால் யாராவது படித்துவிட்டுப் பெட்டியை எரித்துவிடுவார்கள். அந்தப் பல்பு சோதனை பேட்டரி மின்சாரம் வரும் பின்களுக்கு மட்டும்தான். ஐந்து வோல்ட் பின், சென்சார் சிக்னல் பின் ஆகியவற்றில் பல்பை வைக்கவே கூடாது. 21 வாட் பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 1.75 ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு பளுவைத் தாங்கும்படி சென்சார் சுற்றுகள் அமைக்கப்படவில்லை. அங்கெல்லாம் மீட்டர் மட்டுமே.

கனெக்டரின் முன்பக்கத் துளையில் மீட்டர் ஊசியைத் திணிப்பதும் கூடாது. உள்ளே இருக்கும் பித்தளைக் கவ்வி விரிந்துவிடும். பிறகு இல்லாத கோளாறு ஒன்று புதிதாக முளைக்கும். கனெக்டர் மாட்டியிருக்கும்போது பின்புறத்திலிருந்து மெல்லிய ஊசியால் தொடுங்கள்.

#6 கருவிப்பெட்டி

ஆறுசிலிண்டர் சொன்னது முற்றிலும் சரி. நான் எழுதியிருக்க வேண்டும். நன்றி.

#7 மலைப்பாதை

மூன்று நாட்கள் செலவிட்டேன். மின்சாரப் பின்கள் எல்லாவற்றிலும் பல்பு பிரகாசமாக எரிந்தது. எர்த்தில்தான் பிடிபட்டது: ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.9 வோல்ட். எஞ்சின் பிளாக்கில் எர்த் வயர் முடுக்கப்பட்ட இடம் முழுக்கத் துரு. கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, புதிய முனை போட்டு முடுக்கினேன். இப்போது 0.04 வோல்ட். ஐந்து நாட்கள் ஒருமுறைகூட அணையவில்லை. மகிழ்ச்சியோடு இங்கே எழுத வந்திருப்பேன். ஆனால் இன்று மாலை மறுபடியும் அணைந்துவிட்டது.

இந்த முறை மீட்டர் கையில் இருந்தது. த்ராட்டில் சென்சாருக்குப் போகும் ஐந்து வோல்ட்டை அளந்தேன். 0.3 வோல்ட்தான் இருந்தது. ஆறியபிறகு 5.01.

#8 சுற்றுப்பலகை

நான் மின்னணுப் பழுதுநீக்கும் வேலை செய்கிறவள். இந்த 0.3 வோல்ட்தான் இந்த உரையாடல் இழையின் முக்கியமான எண், அதனால் நானும் சேர்ந்துகொள்கிறேன்.

ஈசியு தனக்குள் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக இறக்கி, அதைத் தன் பிராசஸருக்கும் கொடுத்து சென்சார்களுக்கும் கொடுக்கிறது. பல பெட்டிகளில் இந்த இரண்டுக்கும் இடையில் போதிய பாதுகாப்பு இல்லை. வெளியே ஒரு சென்சாருக்குள் ஐந்து வோல்ட் எர்த்தோடு ஒட்டிக்கொண்டால் உள்ளே பிராசஸரும் சேர்ந்து படுத்துவிடும். விளக்கு எரியாது, ஸ்கேனர் பேசாது, பார்ப்பதற்குப் பெட்டி செத்ததுபோலவே இருக்கும். ஆகவே இரண்டு சாத்தியங்கள் இருக்கின்றன. வெளியே ஏதோ ஒன்று ஐந்து வோல்ட்டைக் கீழே இழுக்கிறது, அல்லது உள்ளே அதை உருவாக்கும் பகுதியே சூட்டில் தளர்கிறது.

அடுத்த முறை அணைந்தவுடன், மீட்டரை அங்கேயே வைத்துக்கொண்டு ஐந்து வோல்ட் வாங்கும் சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். த்ராட்டில், மேனிஃபோல்டு அழுத்தம், கேம், கிராங்க், புகையின் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆர் வால்வு. எல்லோரும் இவற்றைக் கழற்றுவார்கள்; ஏசி வாயு அழுத்த சென்சாரையும் கியர்பாக்ஸ் பக்கம் இருப்பவற்றையும் மறந்துவிடுவார்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் குற்றவாளி. எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் வயர்க்கட்டில் எங்காவது தோல் உரிந்திருக்கலாம். அதையும் விலக்கிவிட, ஐந்து வோல்ட் வயரின் முனையை ஈசியு கனெக்டரிலிருந்து மெதுவாக உருவி வெளியே எடுங்கள். வயரை வெட்ட வேண்டாம். இப்போது பெட்டியின் பின்னில் நேராக அளந்தால், வெளியுலகத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத அளவு கிடைக்கும். உங்கள் பெட்டியில் ஐந்து வோல்ட் இரண்டு பின்களில் வரலாம், படத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

#9 மலைப்பாதை

அக்கா, செய்து பார்த்தேன். எல்லாச் சென்சாரும் கழற்றியாகிவிட்டது, இரண்டு வயர் முனைகளையும் உருவியாகிவிட்டது. பின்னில் 0.3 வோல்ட்தான். பத்து நிமிடத்தில் 1.8, பிறகு 4.2, பிறகு 5. என் கண் முன்னாலேயே ஏறியது.

இதோடு இன்னொன்றும் செய்தேன். வண்டி முற்றிலும் ஆறியிருந்தபோது தலைமுடி உலர்த்தும் கருவியால் ஈசியுவை மட்டும் பத்து நிமிடம் சூடாக்கினேன். எஞ்சின் குளிர்ந்தே இருந்தது. ஆனாலும் கிளம்பவில்லை.

#10 கருவிப்பெட்டி

இப்போது நானும் ஒப்புக்கொள்கிறேன். பெட்டிதான். இவ்வளவு பொறுமையாகச் சோதித்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை, தம்பி.

#11 வெண்தும்பி

இந்த இடத்தில் நான் பேசியாக வேண்டும். ஆறு ஆண்டுகளுக்கு முன் இதே நிலையில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள்.

என் வண்டிக்குப் பழுதுபார்த்த ஈசியு ஒன்றை மாற்று முறையில் வாங்கினேன். அவர்கள் பெட்டியை அனுப்புவார்கள், நாம் நம்முடையதை அனுப்பிவிட வேண்டும். அனுப்பிவிட்டேன். வந்த பெட்டியை மாட்டினேன். எஞ்சின் கிளம்பியது, இரண்டு நொடியில் அணைந்தது. மறுபடி கிளப்பினேன், மறுபடி இரண்டு நொடி. என் சாவியை அந்தப் பெட்டி அறியவில்லை. என் வண்டியின் இம்மொபிலைசர் குறியீடு என் பழைய பெட்டிக்குள் இருந்தது, அந்தப் பெட்டியோ ஏற்கெனவே யாருடைய மேசையிலோ அழிக்கப்பட்டு இன்னொருவருக்குப் போய்விட்டது. இரண்டு சாவி, இம்மொபிலைசர் பெட்டி, ஈசியு என மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாகத் தேடிப் பிடித்து மாட்டும்வரை வண்டி பதினோரு வாரம் நின்றது.

உங்கள் பெட்டி செத்திருந்தாலும் அதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் வண்டியின் அடையாளம் அதற்குள் இருக்கிறது.

#12 மலைப்பாதை

இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் கடையில் இருக்கும் அந்தப் பெட்டி எனக்குப் பயன்படாதா?

#13 சுற்றுப்பலகை

பயன்படலாம். ஆனால் மாட்டியவுடன் ஓடும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களில் மின்னணு இம்மொபிலைசர் கட்டாயமானது. அதையொட்டி மற்ற சந்தைகளுக்கான வண்டிகளிலும் அது பரவலாக வந்தது. அதற்கு முந்தைய பல வண்டிகளில் ஒரு பெட்டியைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் ஓடிவிடும். உங்களுடையது அந்த எல்லைக்கோட்டுக்கு இப்பால்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை நன்றாகப் பாருங்கள். எண் முழுவதும் ஒத்துப்போக வேண்டும், கடைசி எழுத்து உட்பட. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியின் பெட்டியும் மேனுவல் கியர் வண்டியின் பெட்டியும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும், கனெக்டரும் பொருந்தும். உள்ளே இருக்கும் நிரல் வேறு. புகை விதிகளுக்கு ஏற்பவும் நிரல் மாறும். கடைசி எழுத்து மாறினால் பெரும்பாலும் நிரல் மாறியிருக்கிறது என்று பொருள்.

எண் ஒத்துப்போனால், இம்மொபிலைசர் குறியீட்டை உங்கள் பெட்டியிலிருந்து எடுத்து அதில் எழுதிவிடலாம். அந்தக் காலப் பெட்டிகள் பலவற்றில் இது எட்டுக் கால்களுடைய ஒரு சிறிய இஈப்ராம் சிப்பில், அதாவது மின்சாரம் இல்லாதபோதும் தகவலை மறக்காத நினைவகச் சிப்பில் இருக்கும். சிப்பின் மேல் 93சி46, 93சி56, 93சி66 என்ற எண்களில் ஒன்று இருக்கலாம். 93சி56 என்பது மொத்தமே 256 பைட். ஒரு வண்டியின் அடையாளம் முழுவதும் இந்தப் பத்தியின் அளவுகூட இல்லாத இடத்தில் அடங்கிவிடுகிறது, இது எனக்கு ஒவ்வொரு முறையும் வியப்பைத் தருகிறது. சில பெட்டிகளில் தனிச் சிப் இருக்காது, பிராசஸருக்குள்ளேயே இருக்கும். அதைப் படிப்பது கடினம், அனுபவமுள்ளவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

படிக்கும்போது இரண்டு முறை படித்து இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறினாலும் மூன்றாம் முறை படியுங்கள். சிப்பைப் போர்டில் வைத்தபடியே படித்தால் பிராசஸர் இடையில் புகுந்து குழப்பும் வாய்ப்பு உண்டு. எனக்குச் சந்தேகம் வந்தால் சிப்பைக் கழற்றித் தனியாகப் படித்துவிட்டு மறுபடி வைப்பேன்.

ஆனால் உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் என் பெட்டியைத்தான் திறப்பேன். சூடானால் ஐந்து வோல்ட் விழுகிறது, ஆறினால் ஏறுகிறது. இது மின்தேக்கிகளோ (கெபாசிட்டர்), 12 வோல்ட்டை ஐந்தாக இறக்கும் ரெகுலேட்டரின் கால்களில் விரிசல் விட்ட ஈயப் பற்றோ செய்கிற வேலை. அலுமினிய மின்தேக்கிக்குள் திரவம் இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியிலும் 1990-களிலும் வந்த சில மின்தேக்கிகளில் அந்தத் திரவம் ரப்பர் அடைப்பை மெல்ல மெல்ல அரித்து வெளியே கசிந்தது. கசிந்தது காரத்தன்மை உடையது, போர்டின் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். கசிவு இல்லாவிட்டாலும் திரவம் வற்றும். மின்தேக்கியின் ஆயுளுக்கு ஒரு பொதுக் கணக்கு உண்டு: வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் தாங்கும் என்று அச்சிடப்பட்டது 65 டிகிரியில் 32,000 மணி நேரம் தாங்கும். எஞ்சின் அறைக்குள் வைத்த பெட்டிக்கும் இருக்கைக்கு அடியில் வைத்த பெட்டிக்கும் உள்ள வேறுபாடு இதில் தெரியும்.

#14 ஆறுசிலிண்டர்

மாறுபடுகிறேன். இருபத்தைந்து ஆண்டு வெந்த போர்டில் இரண்டு மின்தேக்கியை மாற்றினால் நாளை இன்னொன்று போகும். குடும்பத்தோடு போகிற வண்டி என்கிறார். விற்காமல் கிடங்கில் தங்கிய புதிய பெட்டி கிடைத்தால் அதைத் தேடி வாங்குவதுதான் பாதுகாப்பு. அதுவும் இல்லாவிட்டால் தனித்து இயங்கும் ஈசியு ஒன்றைப் பொருத்தி, நிரலை நாமே எழுதிக்கொள்ளலாம். நான் என் பழைய வண்டியில் அப்படித்தான் செய்தேன், நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது.

#15 சுற்றுப்பலகை

உங்கள் வண்டி மேனுவல் கியர் என்று நினைக்கிறேன். இவருடையது ஆட்டோமேட்டிக். கியர் மாற்றத்தின் அழுத்தத்தையும் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வர்ட்டரின் பூட்டையும் முடிவு செய்வது பெரும்பாலும் இதே பெட்டியோ, இதனோடு இடைவிடாமல் பேசும் இன்னொரு பெட்டியோ. தனித்து இயங்கும் ஈசியுவைப் பொருத்தினால் அந்தப் பேச்சு அறுந்துவிடும். புகைச் சோதனையில் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கும் இடங்களில் அதுவும் சிக்கல்.

கிடங்கில் தங்கிய புதிய பெட்டியைப் பற்றி: மின்தேக்கி, அட்டைப் பெட்டிக்குள் இருந்தாலும் வயதாகும். 1999-இல் செய்து இன்றுவரை ஒருமுறைகூட மின்சாரம் காணாத பெட்டியைக் கொடுத்தால், அதையும் திறந்து பார்க்காமல் நான் மாட்ட மாட்டேன்.

ஆனால் நீங்கள் சொன்னதில் ஒன்றை ஏற்கிறேன். இரண்டை மட்டும் மாற்றுவது தவறு. திறந்தால் போர்டில் உள்ள எல்லா அலுமினிய மின்தேக்கிகளையும் மாற்ற வேண்டும்.

#16 ஆறுசிலிண்டர்

என்னுடையது மேனுவல்தான். கியர்பாக்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன்.

#17 மலைப்பாதை

முடிவு செய்துவிட்டேன். திறக்கப் போகிறேன். கடைக்காரரிடம் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். கடைசி எழுத்து வேறு. கேட்காமல் வாங்கியிருந்தால் பணம் போயிருக்கும்.

#18 சுற்றுப்பலகை

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிப் பதினைந்து நிமிடம் கழித்துப் பெட்டியை எடுங்கள். நைலான் உடையைத் தவிருங்கள், மணிக்கட்டில் எர்த் பட்டை கட்டிக்கொள்ளுங்கள். போர்டின் மேல் பூசியிருக்கும் பளபளப்பான பாதுகாப்புப் படலத்தை வேலை செய்யும் இடத்தில் மட்டும் அகற்றுங்கள். முழுப் போர்டையும் கெட்டியான ஜெல்லில் மூழ்கடித்திருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.

புதிய மின்தேக்கி அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி தாங்கக்கூடியது, உள்மின்தடை குறைந்தது. கழற்றுவதற்கு முன் எந்தப் பக்கம் நெகட்டிவ் என்று படம் எடுத்துவிடுங்கள். சூட்டுக்கோலை வைக்கும்போது மீன் வாடை வந்தால் கசிவு உறுதி.

எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த எட்டுக் கால் சிப்பைப் படித்துச் சேமித்துவிடுங்கள். எது தவறினாலும் அந்தக் கோப்பு இருந்தால் மீட்டுவிடலாம்.

#19 மலைப்பாதை

நேற்று நடந்ததை விரிவாக எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

என் கை சூட்டுக்கோலுக்குப் பழகியதல்ல. ஆகவே வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் எடுத்துப் போனேன். மேல்மூடியின் ரப்பர் வளையம் சுருங்கிப் போயிருந்தது. திறந்தபோது போர்டு முதல் பார்வைக்குச் சுத்தமாகவே தெரிந்தது. பெரியவர் விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். ரெகுலேட்டருக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு மின்தேக்கிகளின் அடியில் எண்ணெய்ப் படலம்போல ஓர் ஈரம், அதைச் சுற்றி ஈயப் பற்று பளபளப்பு இழந்து சாம்பல் நிறமாகியிருந்தது. கோலை வைத்தவுடன் அக்கா சொன்ன அந்த வாடை வந்தது.

சிப் 93சி56. முதல் இரண்டு முறை படித்தபோது கோப்புகள் ஒத்துப்போகவில்லை. கழற்றிப் படித்தபின் மூன்று முறையும் ஒன்றே. அந்தக் கோப்பை மூன்று இடங்களில் வைத்திருக்கிறேன்.

மொத்தம் ஏழு மின்தேக்கிகள், ஏழும் மாற்றப்பட்டன. கசிந்த இடத்தை முதலில் மெல்லிய வினிகர் கலவையால் துடைத்து, பிறகு தூய ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு முறை கழுவினார். ஒரு செம்புத் தடம் மயிரிழை அளவுக்கு அரித்திருந்தது. அதன் மேல் ஒரு மெல்லிய செம்புக் கம்பியைப் படுக்கவைத்துப் பற்றவைத்தார். ரெகுலேட்டரின் மூன்று கால்களையும் புதிய ஈயத்தால் மறுபடி பற்றவைத்தார். பிறகு படலம் பூசி, புதிய ரப்பர் வளையத்தோடு மூடினோம். கழற்றிய மின்தேக்கிகளில் 100 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்ட ஒன்றை அவர் அளந்து காட்டினார். 11 இருந்தது.

மேசையிலேயே 12 வோல்ட் கொடுத்துச் சூடாக்கினோம். ஒரு மணி நேரம் 5.00 அசையவில்லை. வண்டியில் மாட்டினேன், கிளம்பியது. முதல் நாள் ஐடிலிங் ஏறி இறங்கியது, கியர் மாற்றம் சற்று முரடாக இருந்தது.

#20 கருவிப்பெட்டி

ஐடிலிங்கும் கியரும் தாமாகச் சரியாகும், தம்பி. இவ்வளவு நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்ததால் பெட்டி தான் கற்றுவைத்த அளவுகளை மறந்திருக்கும். எஞ்சினைச் சூடாக்கி, ஏசி போடாமல் பத்து நிமிடம், போட்டுப் பத்து நிமிடம் ஐடிலிங்கில் விடுங்கள். பிறகு பலவித வேகத்தில் ஒரு வாரம் ஓட்டுங்கள். புகைச் சோதனைக்கு உடனே போகாதீர்கள், உள்சோதனைகள் முடிந்திருக்காது.

இன்னும் ஒரு வேலை பாக்கி. அந்த மின்தேக்கிகள் வயதால் மட்டும்தான் கெட்டனவா என்று பார்க்க வேண்டும். மல்டிமீட்டரை மாறுமின்னோட்ட (AC) வோல்ட்டில் வைத்துப் பேட்டரி முனைகளில் பிடியுங்கள். எஞ்சின் 2000 ஆர்பிஎம், விளக்குகள் எல்லாம் எரியட்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரின் டயோடு ஒன்று கெட்டிருந்தால் நேர்மின்சாரத்தோடு அலையும் கலந்து வரும். அந்த அலையை விழுங்கி விழுங்கித்தான் மின்தேக்கி உள்ளுக்குள் சூடாகிறது. நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1 வோல்ட்டுக்குள் இருக்கும். 0.5-க்கு மேல் என்றால் விட்டுவைக்கக் கூடாது.

#21 மலைப்பாதை

ஐயா, 0.8 வோல்ட். பேட்டரி விளக்கு ஒருநாளும் எரிந்ததில்லை, மின்னேற்றமும் 13.9 வோல்ட் வருகிறது, அதனால் நான் ஆல்டர்னேட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கழற்றிக் கொடுத்தேன். ஒரு டயோடு போயிருந்தது. டயோடு தட்டை மாற்றியபின் 0.03.

#22 சுற்றுப்பலகை

இதைக் கேட்டு மனம் நிறைந்தது. கடையிலிருந்து வேறு பெட்டியை வாங்கி மாட்டியிருந்தால், அதையும் இந்த ஆல்டர்னேட்டர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கும்.

#23 நீலக்கல்

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்தேன். என்னுடையது 2002 மாடல் டீசல் அல்லாத நான்கு சிலிண்டர் எஸ்யூவி. மேடுபள்ளத்தில் போனால் அணைகிறது, செக் எஞ்சின் விளக்கு எரிவதில்லை, ஸ்கேனர் பேசுவதில்லை. சூட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பழுதுபார்த்த ஈசியுவுக்கு இன்று சொல்லியனுப்புவதாக இருந்தேன், என் பழைய பெட்டியைக் கொடுத்துவிடும் நிபந்தனையோடு. நிறுத்திவிட்டேன். எங்கிருந்து தொடங்க வேண்டும்?

#24 சுற்றுப்பலகை

குலுங்கினால் அணைகிறது என்றால் வயர்க்கட்டை முதலில் சந்தேகிக்கிறேன். சாவியை ஆன் நிலையில் வைத்து ஐந்து வோல்ட்டை அளந்துகொண்டே, இன்னொருவரை எஞ்சின் மேல் போகும் வயர்க்கட்டை ஒவ்வோர் அடியாக அசைக்கச் சொல்லுங்கள். தாங்கிகளில் உரசும் இடங்களில் அதிகக் கவனம்.

#25 நீலக்கல்

கிடைத்துவிட்டது. கியர்பாக்ஸின் மேல் ஒரு தகட்டுத் தாங்கி. அதன் விளிம்பில் உரசி உரசி ஒரு வயரின் தோல் உரிந்து செம்பு தெரிகிறது. ஏசி அழுத்த சென்சாருக்குப் போகும் ஐந்து வோல்ட் வயர். அதை விரலால் தகட்டில் அழுத்தினால் 5 வோல்ட் 0.1-க்கு விழுகிறது, விட்டால் ஏறுகிறது. வயரைச் சீராக்கிக் குழாய் போட்டு, தாங்கியிலிருந்து விலக்கிக் கட்டிவிட்டேன். மூன்று நாட்களாக அதே மேடுபள்ளத்தில் ஓட்டுகிறேன், அணையவில்லை. என் ஈசியுவை அதன் இடத்திலிருந்து கழற்றக்கூட இல்லை.